லெம்மிங் செத்தால் உள்ளானுக்கு ஆபத்து

வணக்கம் நேயர்களே. செப்டம்பரில் கடல் ஏறும் நேரம் பார்த்து சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்குப் போங்கள். மண்டாய் சேற்றுத்திட்டு மூழ்கியதும் கரைப்பறவைகள் கூட்டமாக அங்கே உள்ள குளங்களுக்கு வந்து இறங்கும். அவற்றில் கர்லியூ உள்ளான் என்று ஒன்று உண்டு. அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். எடை ஒரு கோழிமுட்டை அளவுதான். பிறந்த ஊர் சைபீரியாவின் தூந்திரா, அதாவது மரமில்லாத பனிவெளி. சில ஆண்டு இளம்பறவைகள் நிறைய வரும், சில ஆண்டு தேடினாலும் கண்ணில் படாது. ஏன்?

குளிர் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் ஒரு எலி. லெம்மிங் என்று பெயர். கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்ளும் என்பார்களே, அதே பிராணிதான். அந்தக் கதை சுத்தப் புளுகு. குளிர்காலம் முழுக்க அது பனிக்கும் தரைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் பாசியும் புல்லும் தின்று, அங்கேயே குட்டி போடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணிக்கை எகிறும், பிறகு சரியும். குளிர்காலத்தில் மழை பெய்து தரையில் ஐஸ் கட்டினால் அந்த இடுக்கே இல்லாமல் போகும், அப்போதும் சரியும்.

லெம்மிங் பெருகிய ஆண்டில் ஆர்க்டிக் நரி பத்துக்கும் மேல் குட்டி போடும். பறவை முட்டையைத் தேடி அலைய அதற்கு அவசியமில்லை. அடுத்த ஆண்டு லெம்மிங் சரிந்துவிடும், நரிகளோ நிறைய இருக்கும். தேக்கா மார்க்கெட்டில் மீன் வராத நாளில் எல்லாரும் கோழிக்கடைக்குப் போவதில்லையா? அதேபோல அத்தனை நரிகளும் கூடுகள் பக்கம் திரும்பும். தின்றது போக மிஞ்சிய முட்டைகளை மண்ணில் புதைத்தும் வைக்கும். அந்தக் குளிரில் அவை சீக்கிரம் கெடாது. ஆக, லெம்மிங் இருந்தால் குஞ்சு பிழைக்கும், சரிந்தால் குஞ்சுக்கு ஆபத்து. இதை மறக்காதீர்கள்.

இதில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று. சைபீரியாவின் தைமீர் தீபகற்பத்தில் பிரென்ட் வாத்துகள் பனி ஆந்தையின் கூட்டைச் சுற்றிக் கூடு கட்டும். ஆந்தையும் குஞ்சைத் தூக்கும்தான். ஆனாலும் தன் கூட்டருகே நரி வந்தால் பாய்ந்து விரட்டும். ரொம்ப ஒட்டினால் ஆந்தையால் ஆபத்து, ரொம்ப விலகினால் நரியால் ஆபத்து; நடுவில் ஓர் இடம் பார்த்து உட்கார வேண்டும். அடாவடி வீட்டுக்காரர் இருந்தாலும் திருடன் வராத தெரு மாதிரி! லெம்மிங் இல்லாத ஆண்டில் ஆந்தை முட்டையே இடாது. காவலும் போயிற்று.

உள்ளானிடம் வருவோம். கூட்டில் நான்கு முட்டை. தாய் மட்டும் சுமார் இருபது நாள் அடைகாக்கும். ஆண் ஜூலைத் தொடக்கத்திலேயே கிளம்பிவிடும். பொரித்த குஞ்சு தானே பூச்சி பொறுக்கும், ஆனால் உடல்சூடு நிற்காது. அடிக்கடி தாயின் அடியில் புகுந்துகொள்ளும். குளிர்மழை தொடர்ந்தால் அடியிலேயே கிடக்கும், வெளியே பூச்சியும் அசையாது. இரண்டு நாள் இப்படி நீடித்தால்கூடப் போதும், குஞ்சு சாக நரி வர வேண்டியதில்லை.

இளம்பறவையை எப்படி அடையாளம் காண்பது? முதுகிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிறிய கரை இருக்கும், மீன் செதிள் மாதிரி. பெரியவற்றின் வயிற்றில் செங்கல் நிறத் திட்டுகள் மிச்சமிருக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் எண்ணினால் கணக்கு தப்பும், முதலில் வருபவை பெரியவைதான். டிசம்பருக்குத் தள்ளினாலும் இறகு மாறிக் குழப்பும். ஒரே கூட்டத்தை எண்ணி முடிவு கட்டாதீர்கள், இளசுகள் ஓரமாகத் தனியே நிற்கும்.

பருவநிலை மாற்றத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், கடிகாரம் விடவில்லை. ஒன்று மட்டும்: கிழக்கு கிரீன்லாந்தில் 2000க்குப் பிறகு லெம்மிங்கின் ஏற்ற இறக்கமே அடங்கிப்போனது, பனி ஆந்தைக் குஞ்சுகளும் அங்கே அரிதாகிவிட்டன. இந்தப் பறவைகள் வழியில் இளைப்பாறும் மஞ்சள் கடலின் சேற்றுநிலங்கள் பற்றி இன்னொரு நாள். நன்றி, வணக்கம்.