மேடைக்குச் செல்லும் படிகள்

அவைத்தலைவர் அவர்களே, கலைக்குழுக்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கலை எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று பேசத் தொடங்கினால், நம் எண்ணம் முதலில் நுழைவுச்சீட்டின் விலையை நோக்கியே ஓடுகிறது. சிங்கப்பூரில் அந்தத் தடை ஓரளவு தளர்ந்திருக்கிறது. 2013 மே மாதத்திலிருந்து குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தேசிய அரும்பொருளகங்களுக்குக் கட்டணமின்றிச் செல்கிறார்கள். 2025இல் 18 வயதும் அதற்கு மேலுமான குடிமக்களுக்கு எஸ்ஜி கல்ச்சர் பாஸ் வழியாக 100 வெள்ளி வழங்கப்பட்டது. 2028 இறுதிவரை அதை உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகளுக்குச் செலவிடலாம். நல்ல திட்டங்கள்தாம். ஆயினும் தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கட்டுமானத் தளத்தில் உழைப்பவருக்கு அந்த 100 வெள்ளி இல்லை. கட்டணமே இல்லாத நிகழ்ச்சியாயினும், சனிக்கிழமை இரவு எட்டு மணிக்குத் தொடங்கினால், அன்றும் வேலையில் இருக்கும் அவருக்கு அது எட்டாது. அவரைப் பார்வையாளராக மட்டும் எண்ணுவதும் குறுகிய பார்வையே. வெளிநாட்டு ஊழியர்களுக்கென 2014இல் தொடங்கிய கவிதைப் போட்டி, அவர்களைக் கவிஞர்களாகவே மேடைக்கு அழைத்தது.

இன்று நான் வலியுறுத்த விரும்புவது இதுதான்: பார்ப்பவருக்கு வழிவிடுவதோடு நம் கடமை முடிந்துவிடாது, படைக்க விரும்புபவருக்கும் வழி வேண்டும். அந்த வழியை நிகழ்ச்சி உருவாகும்போதே அமைக்க வேண்டும்.

நம் தமிழ் நாடகங்கள் பலவற்றில் மேடையருகே உள்ள திரையில் வசனத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் ஓடுகின்றன. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலுமான குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காட்டினரே வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுகிறார்கள். எனவே ஆங்கில வரிகளின் தேவை புரிகிறது. ஆனால் நாள்தோறும் தமிழ் முரசு படிக்கும், காது மந்தமாகிப்போன ஒரு பாட்டிக்கு அந்த வரிகளால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது தமிழ் வரி. நாடகப் பிரதி ஏற்கெனவே தட்டச்சாகி இருக்கிறது. அதைத் திரையில் ஓட்டுவதற்கு ஆகும் கூடுதல் உழைப்பு, ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஆகும் உழைப்பைவிடக் குறைவு. பிறவியிலேயே செவிப்புலன் இழந்த தமிழ் இளையரின் நிலையோ வேறு. அத்தகையோரின் பள்ளிக் கல்வி இங்கே பெரும்பாலும் ஆங்கிலத்தைச் சார்ந்து நடந்திருப்பதால், அவருக்கு ஆங்கில வரியோ சிங்கப்பூர்ச் சைகை மொழியோதான் உதவும். ஒரே அரங்கில், ஒரே குறைபாட்டின் பெயரால் அறியப்படும் இருவருக்கு இரண்டு வெவ்வேறு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. யாரைக் கேட்டு ஏற்பாடு செய்தோம் என்பது இங்கேதான் வெளிப்பட்டுவிடுகிறது.

பார்வையற்றோருக்குப் பரதநாட்டியத்தை விவரிப்பது இதைவிட நுட்பமான வேலை. "வலக்கையில் கபித்த முத்திரை" என்று காதில் சொன்னால், நடனம் பயிலாதவருக்கு ஒன்றும் விளங்காது. "பானைக்குள் கைவிட்டு வெண்ணெயை எடுக்கிறான், யாரோ வரும் ஓசை கேட்டுக் கையை முதுகுக்குப் பின்னே மறைக்கிறான்" என்றால் விளங்கும். அதையும் பாடல் வரியின் மேலேறாமல், தாளச் சொற்கட்டுகளின் இடைவெளியில் சொல்ல வேண்டும். தாளமும் தமிழும் தெரிந்த ஒருவர் ஒத்திகைகளில் உடனிருந்தால்தான் அது கைகூடும்; நிகழ்ச்சிக்கு முதல் நாள் அழைத்துவந்தால் நடக்காது. (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி நடனத்தை நடத்தும் நட்டுவாங்கம் பழகியவர்களுக்கு இது இயல்பாக வரும் என்பது என் எண்ணம்.) அரங்கம் நிறையுமுன் சலங்கையையும் ஒப்பனை நகைகளையும் தொட்டுப்பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கினால், விவரிப்பு பாதி எளிதாகிவிடும்.

அடுத்து, பணம். கலை, மரபுடைமை அறநிறுவனங்கள் திரட்டும் தனியார் நன்கொடைக்கு ஈடாக அரசாங்கமும் நிதி வழங்கும் திட்டம் 2013இல் 20 கோடி வெள்ளியுடன் தொடங்கப்பட்டது. கொடையாளர்களை ஊக்குவித்த திட்டம் அது. ஆனால் வசதி படைத்தோரை அறிந்த அமைப்புக்கு அது தரும் பலன், அறநிறுவனமாகப் பதிவே செய்யாத சிறு நாடகக் குழுவுக்குக் கிடைப்பதில்லை. இருப்பவருக்கே மேலும் சேரும் இந்த அமைப்பைச் சமன்செய்ய, சிறு குழுக்கள் சேர்ந்து நிதி திரட்டும் ஏற்பாடு ஒன்று வேண்டும் என்பேன். தனிக் கலைஞர்களைப் பொறுத்தவரை, சுயதொழில் செய்வோருக்கு முதலாளி செலுத்தும் மத்திய சேமநிதிச் சந்தா கிடையாது. மருத்துவச் செலவுக்கான சேமிப்பாகிய மெடிசேவுக்கும் அவர்களே கட்ட வேண்டும். குடும்பத்தின் தாங்குதல் உள்ளவரே இத்துறையில் நெடுங்காலம் நிலைக்கிறார். அரங்கேற்றத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்: பட்டு, நகை, மண்டப வாடகை, சென்னையிலிருந்து வரும் பக்கவாத்தியக் குழு எனச் செலவு கூடக்கூட, திறமையுள்ள மாணவி ஒருத்தி மார்க்கம் எனப்படும் நடன உருப்படி வரிசை முழுவதும் கற்றும் மேடையேறாமலே நின்றுவிடுகிறாள். எளிய அரங்கேற்றத்தைக் குறைவாகப் பார்க்கும் வழக்கத்தை அரசாங்கம் உண்டாக்கவில்லை; நாம்தான் உண்டாக்கினோம்.

ஆகவே அடுத்த தமிழ் மொழி விழாவுக்கு விண்ணப்பம் எழுதும் குழுக்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். தமிழ் வரிகளுக்கும், விவரிப்பாளருக்கும், ஆலோசனை சொல்ல வரும் உடற்குறையுள்ள கலைஞருக்கும் உரிய ஊதியத்தை முதல் வரவுசெலவுத் திட்டத்திலேயே எழுதுங்கள். மிச்சப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் மிச்சம் இருக்காது. நடிகர் தேர்வு எங்கே நடக்கிறது என்பதையும் பாருங்கள். 1990இல் தடையற்ற கட்டட வசதிக்கான விதிமுறை வந்த பிறகும், பழைய கடைவீடுகளின் மாடிகள் பல மின்தூக்கி இல்லாமலே இருக்கின்றன. அங்கே தேர்வு நடத்தினால், சக்கர நாற்காலியில் வரும் நடிகர் அறிவிப்பைப் படித்த அன்றே விலகிவிடுவார். அவர் விலகியது உங்களுக்குத் தெரியவும் வராது. தேர்வைச் சமூக மன்றத்தின் தரைத்தள அறையில் நடத்துங்கள். மின்தூக்கியும் கழிவறையும் எங்கே உள்ளன என்பதை அறிவிப்பிலேயே குறிப்பிடுங்கள்.