சேப்பாக்கத்தின் கூரையும் காற்றும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

நம் வாரச் சந்தைகளில் தார்ப்பாய்க் கொட்டகை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். நாலு மூலையையும் இழுத்துத் தட்டையாகக் கட்டினால் ஒரு மழைக்கே நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கிவிடும். காற்றில் படபடவென்று அடித்து ஓரம் கிழியும். அதே தார்ப்பாயின் நடுவில் ஒரு மூங்கிலைக் கொடுத்துத் தூக்கிவிட்டால் தண்ணீர் நாலாபக்கமும் வழிந்துவிடும், துணியும் விறைத்து நிற்கும். சென்னை சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் கூம்பு கூம்பாக எழுந்து நிற்கும் வெள்ளைக் கூரைக்குள்ளும் இதே சூட்சுமம்தான் இருக்கிறது. அங்கே மூங்கிலின் வேலையை எஃகும் கம்பிவடங்களும் செய்கின்றன.

1916-இல் உருவான மைதானம் அது. 1934-இல் அங்கே முதல் டெஸ்ட் ஆட்டம் நடந்தது. 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். பழைய அரங்கில் கனத்த கான்கிரீட் கூரை இருந்தது. அதைத் தாங்கிய தூண்கள் பார்வையை மறைத்தன. காசு கொடுத்து உள்ளே போனவர் தூணுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கழுத்தை நீட்ட வேண்டியிருந்தது. 2011-இல் புதுப்பித்தபோது அந்தக் குறை தீர்ந்தது. லண்டன் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னைக் கட்டடக் கலைஞர்களும் சேர்ந்து வடிவமைத்தார்கள். கூரையின் எடை குறைந்ததால் கண்ணெதிரே தூண்களுக்கு அவசியமில்லாமல் போனது.

இந்த வகைக் கூரைத் துணி கண்ணாடி இழையில் நெய்தது. மேலே டெஃப்லான் பூச்சு; ஒட்டாத தோசைக்கல்லில் இருக்கிறதே, அதேதான். தூசி ஒட்டாது, மழையே கழுவிவிடும். வெயிலைத் தடுத்து வெளிச்சத்தை மட்டும் கசியவிடும். ஆனால் மடித்து அழுத்தினால் இழை முறியும். விறைப்புத் தளர்ந்தாலோ, சந்தைத் தார்ப்பாயின் கதிதான்.

அடுத்து, அரங்குகளுக்கு இடையே விட்டிருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். கடற்காற்று உள்ளே வருவதற்காகவே விட்டது. மெரினா கிழக்கே கூப்பிடு தூரம். அந்தக் காற்று பந்தை வளையவைக்க உதவும் என்பதால், சுற்றிலும் சுவராக அடைத்துவிடாமல் திறந்து வைத்தார்கள். எனக்கு அந்தக் கட்டடத்தில் கூரையை விடவும் பெரிய அழகு இந்த இடைவெளிதான்.

இருக்கை எடுக்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். படிவரிசை 36 பாகைச் சரிவு. ஓர் அடி முன்னே வைத்தால் முக்கால் அடி ஏறவேண்டும். முன்னால் இருப்பவர் தலை மறைக்காது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மட்டும் மேல்வரிசை வேண்டாம். இன்னொன்று, பறக்கும் ரயில் (உயரப் பாலத்தில் ஓடும் நகர ரயில்) பக்கத்து அரங்குகள் மேற்கு பார்த்தவை. பகல் ஆட்டமென்றால் சாயங்கால வெயில் கூரைக்கு அடியில் நுழைந்து முகத்தில் அடிக்கும். தொப்பி கட்டாயம். முன்வரிசைகளில் சாரலும் அடிக்கும்.

போகும் வழி. கிருஷ்ணகிரி நகரத்துக்கு ரயில் இல்லாததால் அங்கிருப்பவர்கள் ஜோலார்பேட்டைக்குப் போய் ஏறலாம். தருமபுரிப் பக்கத்தவர்களுக்கு மொரப்பூர் வசதி. சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்து பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். அடுத்தது சிந்தாதிரிப்பேட்டை, அதற்கடுத்தது சேப்பாக்கம். இறங்கியதும் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள். நடைமேடை உயரத்தில் இருப்பதால் கூரையின் கூம்புகளும் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் வடங்களும் அங்கிருந்தே தெரியும். உள்ளே உட்கார்ந்தால் துணியின் அடிப்பக்கம்தான் கண்ணில் படும்.

பெரிய பையும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். இரவு ஆட்டம் முடியப் பதினொன்றைத் தாண்டலாம். அதனால் ஊர் திரும்பும் ரயிலுக்கோ பேருந்துக்கோ நள்ளிரவுக்குப் பிந்தைய நேரமாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். பேருந்தென்றால் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது என்பதையும் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.