196 எங்கே போனது?

நேயர்களுக்கு வணக்கம். நான் வண்டன்மேட்டுப் பக்கம் பிறந்தவள். அம்மா இன்றும் ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போகிறார். காய் உலர்த்தும் ஸ்டோரில், உலர்ந்த காயை உடைத்து முகர்ந்ததுமே, புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். அந்த வாசத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் என் வேதியியல் ஆய்வு.

ஏலத்தை இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதில் பெரும்பங்கு இரண்டு சேர்மங்கள். ஒன்று, யூகலிப்டஸ் தைலத்திலும் இருக்கும் சினியோல். இன்னொன்று, இனிப்பு வாசம் தரும் ஆல்ஃபா டெர்பினைல் அசிடேட். இந்த இரண்டாவதிடம்தான் நான் ஏமாந்தேன்.

இதன் மூலக்கூறு எடை 196. ஆனால் மூலக்கூறை உடைத்துத் துண்டுகளின் எடையைக் காட்டும் நிறை நிறமாலைக் கருவியில் எலக்ட்ரான் பட்டதும், 60 எடையுள்ள அசிட்டிக் அமிலத்தை உதறிவிட்டு 136 என்று காட்சி தருகிறது. 196 கண்ணிலேயே படாது. லினலைல் அசிடேட்டும் இதே 196 எடைதான். அதுவும் இப்படியே உதறும். கணினி பொருத்தம் பார்த்து லினலைல் அசிடேட்டை முதலில் காட்டியது. நானும் அப்படியே எழுதிக்கொண்டு போனேன்.

கைடு கோபப்படவில்லை. "ஆல்கேன் ஓட்டிப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

எண்ணெயிலுள்ள சேர்மங்களைப் பிரித்து ஒவ்வொன்றாக அந்தக் கருவிக்கு அனுப்புவது ஒரு நீண்ட மெல்லிய குழாய். கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள, கார்பன் ஒவ்வொன்றாகக் கூடிவரும் ஆல்கேன்களை அதே குழாயில் செலுத்தி, அவை வெளிவரும் நேரத்தை அளவுகோலாக வைத்துக்கொள்வது அந்த முறை. எர்வின் கோவாட்ஸ் 1958-ல் சொன்ன யோசனை இது. 12 கார்பனுக்கு 1200, 13-க்கு 1300. அப்புறம் நம் சேர்மம் எந்த இடைவெளியில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நாங்கள் வைத்திருக்கும் வகைக் குழாயில் லினலைல் அசிடேட் 1257-ஐ ஒட்டி வரும். என்னுடையது 1349-ஐ ஒட்டி வந்தது. உடைந்த துண்டுகள் ஒன்றுபோல இருந்தாலும், குழாயைக் கடக்கும் வேகம் வேறு. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

சரி, ஒரு பெயருக்கு ஏன் இவ்வளவு பாடு? லினலைல் அசிடேட் லாவெண்டர் எண்ணெயின் முக்கியச் சேர்மம். ஏலத்திலும் கொஞ்சம் உண்டு. அதை ஏலத்தின் பெரும்பங்காக எழுதினால், அம்மா முகர்ந்து அறிகிற வாசத்தையே நான் தப்பாகச் சொன்னதாகிவிடும். அதனால் இப்போது நிறமாலையும் இந்த எண்ணும் ஒத்துவந்தால்தான் பெயர் எழுதுகிறேன்.

சேர்மங்கள் வெளிவருவதை முகடுகளாகக் காட்டும் வரைபடத்தின் கடைசியில் ஒரு சிறிய முகடு இன்னும் எதற்கும் ஒத்துவரவில்லை. அதற்குப் பக்கத்தில் 'அடையாளம் தெரியவில்லை' என்றே எழுதியிருக்கிறேன். அடுத்த பறிப்புக் காயிலும் அது வருகிறதா என்று பார்க்க வேண்டும்.