தொப்பிக் கையும் வலந்தலைக் கையும்

நேயர்களுக்கு வணக்கம். இன்று மிருதங்கம் வாசிக்கும் இரண்டு கைகளைப் பற்றிப் பேசுவோம். முதலில் ஒரு சின்னச் சோதனை. வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் வீட்டுக்குப் போய்ச் செய்துகொள்ளுங்கள். மற்றவர்கள் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டுங்கள். இரண்டும் சேர்ந்தே வலப்பக்கம் போகட்டும், அப்புறம் சேர்ந்தே இடப்பக்கம். காரின் வைப்பர் போல. மெதுவாகச் செய்தால் சிக்கலே இல்லை. இப்போது வேகத்தைக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் உங்களைக் கேட்காமலே விரல்கள் கட்சி மாறிவிடும். இரண்டும் ஒன்றாக உள்ளே வந்து ஒன்றாக வெளியே போகும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்காட் கெல்சோ என்ற ஆய்வாளர் இதை அளந்து காட்டினார். உள்ளே-வெளியே அசைவில் தொடங்கினால், எவ்வளவு விரைந்தாலும் அது மாறுவதில்லை என்பதையும் அவர் கண்டார்.

மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு இது தினமும் வகுப்பில் நடப்பதுதான். வலது கை வலந்தலையில், அதாவது மிருதங்கத்தின் வலப்பக்க முகத்தில், ஒன்றைச் செய்ய, இடது கை தொப்பி எனப்படும் இடப்பக்க முகத்தில் வேறொன்றைச் செய்ய வேண்டும். வேகம் கூடியதும் இடது கை தன் வேலையை விட்டுவிட்டு வலது கையைக் காப்பியடிக்கத் தொடங்கும். "சார், எனக்கு இடது கை வீக்" என்பார்கள் மாணவர்கள். பலம் இங்கே பிரச்சினையே இல்லை. மூளையின் இரு பாதிகளையும் தடித்த நரம்புக் கற்றை ஒன்று இணைக்கிறது. ஒரு கைக்கான கட்டளை மற்ற கைக்கும் கொஞ்சம் கசிகிறது. வலிப்பு நோய்க்காக அந்தக் கற்றை வெட்டப்பட்ட சிலர், இரு கைகளாலும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வடிவங்களைத் தடுமாறாமல் வரைந்ததை 1996இல் வெளியான ஆய்வு ஒன்று பதிவு செய்தது. நம்மில் பலர் அதில் திணறிப் போவோம்.

அதற்காக இரண்டு கையையும் ஒன்றுபோல ஆக்குவதா சாதகம், அதாவது பயிற்சி? நான் அப்படி நினைக்கவில்லை. பிரான்சின் ஆய்வாளர் இவ் கியார் 1987இல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது: பழகாத கை களம் அமைக்கும், பழகிய கை அதன்மேல் நுணுக்கம் செய்யும். எழுதும்போது வலது கைக்காரரின் இடது கை தாளை நகர்த்திக்கொடுப்பதைக் கவனியுங்கள். மிருதங்கத்திலும் விரைவான விரல்சொற்கள் பெரும்பாலும் வலந்தலைக்கு. 'கும்' என்று ஒலிக்கும் கும்காரமும் அடித்தளமும் தொப்பிக்கு. ஆகவே பாடத்தை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், ஊறவிட்டு, அப்புறம்தான் விரைவான இரண்டாம் காலம், மூன்றாம் காலம். அவசரப்பட்டால் விரல்கள் பழைய பழக்கத்துக்கே சரிந்துவிடும்; பிறகு அதைக் கலைப்பது பெரிய பாடு.

சரி, இடது கைக்காரக் குழந்தை? நூற்றில் ஏறக்குறைய பத்துப் பேர் அப்படித்தான். மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். வலந்தலையை இடது கையால் வாசித்தே மேதையானார். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமே, அதனால் அப்படி வாசிப்பவர் மேடையில் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் உட்கார வேண்டியிருக்கும். சங்கடம் மேடைக்குத்தான், கைக்கு இல்லை. "சோற்றுக் கையாலேயே பழக்குங்கள் சார்" என்று பெற்றோர் கேட்கும்போது, முதலில் வாத்தியத்தைக் குழந்தையின் முன் வைத்து, தோன்றியபடி தட்டச் சொல்வேன். எந்தக் கை நுணுக்கத்துக்குத் தானாகப் போகிறதோ, அந்தப் பக்கம் வலந்தலையைத் திருப்பிவைத்துப் பாடத்தைத் தொடங்குவேன்.