கண்காணிப்பாளருக்கு எது தெரியும்?

நடுவர் அவர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "அலாஸ்காவுக்கு வடக்கே, போஃபோர்ட் கடலில் எண்ணெய் தேடும் கப்பலில், திமிங்கிலம் வருகிறதா என்று பார்க்க பைனாகுலரோடு ஒரு கண்காணிப்பாளரை நிறுத்தினால் போதாதா? வலசை மாதங்களில் தேடலையே நிறுத்தும் பருவத் தடை எதற்கு?" சரி, அவர் கண்ணுக்கு என்னதான் தெரியும் என்று பார்த்துவிடுவோம்.

கப்பல் மணிக்கு நாலைந்து கடல் மைல் வேகத்தில் ஊரும். பின்னால் இழுத்துவரும் ஏர்கன்கள் பத்துப் பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அழுத்தக் காற்றைத் தண்ணீருக்குள் வெடிக்கவிடும்; அந்தச் சத்தத்தின் எதிரொலியை வைத்துத்தான் கடலடியில் எண்ணெய் தேடுகிறார்கள். இரவு பகல் கிடையாது. தொடங்குமுன் 30 நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். பிறகு சின்ன ஏர்கன் ஒன்றில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பக்கத்தில் இருக்கும் திமிங்கிலம் விலகிப் போக அவகாசம் அது. பாதுகாப்பு எல்லைக்குள் திமிங்கிலம் வந்தால் உடனே நிறுத்தம். நல்ல விதிகள்தான், நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் அங்கே கோடையில் மூடுபனி. செப்டம்பர் பிறந்தால் இருட்டு நீளும். அங்கே வாழும் போஹெட் என்ற வகைத் திமிங்கிலமோ அரை மணிக்கு மேலும் மூச்சடக்கும். முதுகில் துடுப்பு வேறு கிடையாது. 30 நிமிடம் பார்த்து "கடல் காலி" என்று எழுதுவார், அது கீழே இருக்கும்!

பெரிய ஓட்டை தூரம். ஏர்கன் சத்தத்துக்குப் போஹெட் சுமார் 7.5 கி.மீ.யில் விலகும் என்றன 1980-களின் ஆய்வுகள். அதைவிடத் தூரத்திலேயே விலகிப்போகிறது என்றார்கள் அதை வேட்டையாடி வாழும் அலாஸ்காப் பூர்வகுடிகளான இன்யூபியாட் வேட்டைக்காரர்கள். 1996 முதல் 1998 வரை இலையுதிர் வலசையின்போது விமானத்திலிருந்து எண்ணினார்கள்: கப்பலைச் சுற்றி 20 கி.மீ. வரை பெரும்பாலும் வெறும் தண்ணீர். கோடையில் இரை தின்னும்போது ஓரளவு பொறுத்துக்கொள்கிற அதே விலங்கு, மேற்கே வலசை போகையில் பொறுப்பதில்லை. பாதை ஆழ்கடல் பக்கம் ஒதுங்கினால், சின்னப் படகில் போகும் காக்டோவிக், நுய்க்ஸட் ஊர்க்காரர்கள் அவ்வளவு தூரம் துரத்த வேண்டும். பிடித்ததைக் கெடாமல் கரைக்கு இழுத்துவரவும் வேண்டும்.

20 கி.மீ.க்கு எந்த பைனாகுலர், ஐயா? அதற்குக் காலண்டர்தான் வேண்டும். முடியாத காரியமா? 2012-ல் ஷெல் எண்ணெய் நிறுவனம் ஆகஸ்ட் 25 முதல் இந்த இரண்டு ஊர்களின் வேட்டை முடியும்வரை போஃபோர்ட்டில் துளையிடாமல் காத்திருக்க ஒப்புக்கொண்டது. அக்டோபரில்தான் துளையிட ஆரம்பித்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவரே. கண்காணிப்பாளர் வேலையில் இருக்கட்டும். வலசை மாதங்களில் மட்டும் கப்பலோடு அவருக்கும் லீவு கொடுங்கள்.