கூப்பர் பிளாக்: பருத்த எழுத்தை எங்கே, எப்படி வைப்பது?

[திரையில்: ஆங்கிலச் சின்ன 'ஓ' (o) மட்டும், திரை நிறைய]

இந்த 'ஓ'வுக்குள் இருக்கும் வெள்ளைப் பொட்டைப் பாருங்கள். நேராக நிற்காமல் இடப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கூப்பர் பிளாக் என்ற பருத்த ஆங்கில எழுத்துருதானா என்று சந்தேகம் வந்தால் முதலில் இந்தச் சாய்வைத் தேடுங்கள்.

இதை உருவாக்கியவர், சிகாகோவில் விளம்பரங்களுக்குக் கையால் எழுத்து வரைந்த ஆஸ்வால்ட் கூப்பர். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922-இல் இதை உலோக அச்செழுத்தாக வெளியிட்டது. 'கிட்டப்பார்வை வாடிக்கையாளர்களைக் கொண்ட தூரப்பார்வை அச்சகத்தாருக்கு' என்று இதைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அழகான பேச்சு, பொருத்தமும்கூட.

[திரையில்: 'எச்', 'என்' எழுத்துகளின் அடிப்பாகம், பெரிதாக்கி]

இதில் கூர்முனை எங்குமே இல்லை. செரிஃப்கள், அதாவது கோடுகளின் முனையில் இருக்கும் சிறு நீட்டல்கள், மை ஊறிப் பரவியதுபோல உருண்டிருக்கின்றன. எழுத்துகளின் பாதமும் லேசாக வளைந்தது. அதனால் அடியில் ஒட்டினாற்போல் கோடு போட்டால் எழுத்து கோட்டின்மேல் ஆடுவதுபோலத் தெரியும். கோடு வேண்டுமென்றால் நன்றாகத் தள்ளிப் போடுங்கள்.

[திரையில்: ஒரே சொல் 72, 24, 10 பாயிண்டில்]

இதன் அழகு பருமனில் இருக்கிறது; ஆபத்தும் அங்கேதான். சின்ன 'ஏ' (a), 'ஈ' (e) இரண்டுக்கும் உள்வெளி, அதாவது எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம், மிகக் குறைவு. 10 பாயிண்டில் அது ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. துணியில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால் மை பரவி அதையும் அடைத்துவிடும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து என்றால் நிலைமை வேறு: சுற்றியிருக்கும் மை எழுத்துக்குள் பரவி, அதை இளைக்க வைக்கும். காகிதத்தில் 24, துணியில் 36 பாயிண்டுக்குக் கீழே இறங்காதீர்கள். பத்தி பத்தியாக இதில் அடிப்பது வேண்டவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய தவறு, ஏற்கெனவே பருத்த இந்த எழுத்துக்கு 'போல்ட்' பொத்தானை அழுத்துவது. மென்பொருள் சுற்றிலும் தடிமன் சேர்க்கும்போது உள்வெளியும் சேர்ந்தே மூடிக்கொள்கிறது. எழுத்தைச் சுற்றி அவுட்லைன் (வெளிக்கோடு) வேண்டுமானால் எழுத்தை நகலெடுத்து, பின்னால் இருக்கும் நகலுக்கு மட்டும் கொடுங்கள்.

[திரையில்: இரண்டு வரித் தலைப்பு, இடைவெளி குறைந்துகொண்டே வருகிறது]

எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியைத் தாராளமாக விட்டால் சொல் உதிரி உதிரியாகிவிடும். மென்பொருளில் இந்த இடைவெளியை மாற்றும் டிராக்கிங்கை மைனஸ் 10 முதல் மைனஸ் 25 வரை இறக்கிப் பாருங்கள். 'ஜி', 'பி', 'ஒய்' ஆகியவற்றின் வால் குட்டையானது என்பதால் வரிகளையும் நெருக்கலாம்: 60 பாயிண்ட் எழுத்துக்கு 56 வரியிடைவெளி போதும். மேல்வரி 'ஜி'யின் வால் கீழ்வரி 'எல்'லின் தலையில் முட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சின்ன எழுத்துகளில்தான் இதற்கு உயிர். பிரிட்டனின் ஈஸிஜெட் (easyJet) நிறுவன விமானங்களில் எழுதியிருக்கும் பெயரில் 'ஜெ' ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சின்ன எழுத்து. ஆரஞ்சு, வெள்ளை இரண்டே நிறம். முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால் சொல் ஒரே கறுப்புக் கட்டையாகிவிடும்.

தமிழ் எழுத்துகள் இதில் இல்லை. இருமொழிப் பலகையில் மென்பொருள் தானாக ஏதோ ஒரு மெல்லிய தமிழ் எழுத்துருவைச் செருகி, தமிழை நோஞ்சானாகக் காட்டும். தடித்த தமிழ் எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்து, ஆங்கிலத்தின் அளவை அதில் முக்கால் பங்காக வையுங்கள்.

[திரையில்: பிளாட்டர் (வெட்டும் இயந்திரம்) வினைல் வெட்டுகிறது]

வினைல் ஸ்டிக்கருக்கு இது மிகவும் ஏற்றது. கூர்முனைகள்தான் முதலில் உரியத் தொடங்கும். இதில் அவை இல்லையே. ஆனால் வெட்டியதும் 'ஈ'க்குள் இருக்கும் துண்டை மறக்காமல் ஊசியால் எடுத்துவிடுங்கள்.