லோகோவில நிக்கிற போனும் அதுக்குள்ள இருக்கிற படங்களும்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில போன் திருத்திற வேலை செய்யிற ஆள் எண்டபடியா என்னை இண்டைக்குக் கதைக்கக் கூப்பிட்டிருக்கினம், கதைக்கப்போறது அப்டேட் குடுத்த பிறகு ஓன் ஆகாம நிக்கிற போனைப் பற்றி. இரவில அப்டேட் எண்டு வந்ததை அமத்திவிட்டிட்டுப் படுப்பினம், விடிய எழும்பிப் பாத்தா கொம்பனிப் பேர் மட்டும் ஸ்கிரீனில நிக்கும், இல்லாட்டி அந்தப் பேர் வரும், அணையும், திரும்ப வரும். லோகோவில நிக்குது எண்டு கடையளில சொல்லுறது உதைத்தான்.

முக்கியமானதை முதலே சொல்லிப்போடுறன், பேந்து நீங்கள் வேலைக்கு எழும்பிப் போயிடுவியள். இப்பிடி நிக்கிற போனுகள் கனக்கத் திருத்தக்கூடியது, பயப்பிடாதேங்கோ. ஆனா போன் திரும்ப வாறது ஒரு விசயம், அதுக்குள்ள இருந்த படம், வொய்ஸ், நம்பருகள் திரும்ப வாறது வேறொரு விசயம். ரீசெட் எண்டதை அமத்தினா போன் கடையில வாங்கின நாள் மாதிரி வரும், உள்ளுக்கு ஒண்டும் இராது. அந்தரத்தில ஆக்கள் அதைத்தான் முதல் அமத்துகினம், சில கடையளிலயும் ஒரு சொல்லுக் கேக்காம அமத்துகினம், அதுதான் எனக்கு நெஞ்செரிச்சல்.

வன்னியில இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. 2008, 2009 இல ஊர் ஊரா இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் மட்டும் போன சனம் அல்பங்களைத் தூக்கிக்கொண்டு போக ஏலாம வீட்டிலயே விட்டிட்டுப் போனது, கொண்டுபோனவையும் பங்கருக்குள்ளயும் கடற்கரையிலயும் விட்டவை, வவுனியா மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேரேக்க உடுத்த உடுப்போட மட்டும் வந்த குடும்பங்கள் எத்தினையோ. பேந்து கனடாவிலயும் சுவிஸிலயும் இருக்கிற சொந்தக்காரர் தங்கட அல்பத்தில கிடந்த எங்கட கலியாணப் படத்தை, பிள்ளையளின்ர சாமத்தியப் படத்தைப் போனால எடுத்து வட்ஸ்அப்பில, வைபரில அனுப்பிவிட, கன வீடுகளில இண்டைக்கு மிஞ்சி இருக்கிற படம் அதுதான். காணாமல் போன பிள்ளையளைக் கேட்டு 2017 பெப்ரவரி 20 இல கிளிநொச்சியில றோட்டோரம் குந்தின அம்மாமாரின்ர கையில இருந்த படங்களை நாங்கள் எல்லாரும் பாத்திருக்கிறம். அப்பிடி ஒரு படம் ஒரே ஒரு போனுக்குள்ள மட்டும் இருந்தா, அந்தப் போனைத் திருத்திறவன் எவ்வளவு கவனமாத் தொடோணும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

சரி, இப்ப போன் லோகோவில நிக்குது. முதல் பொறுத்துப் பாருங்கோ. பெரிய அப்டேட் ஒண்டு ஏறினா முதல் தரம் ஓன் ஆகேக்க போன் உள்ள இருக்கிற ஆப் எல்லாத்தையும் புதுச் சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரித் திரும்ப அடுக்கும், மெமரி நிரம்பின பழைய போனுக்கு அது நல்லா நேரம் எடுக்கும். நல்ல சார்ஜரில குத்தி, கவரைக் கழட்டி, தகரக் கூரைக்குக் கீழ வைக்காம நிழலான இடத்தில அரை மணித்தியாலம் விட்டுடுங்கோ. சார்ஜரில குத்தச் சொல்லுறதுக்கு இன்னொரு காரணம், ஓன் ஆகிற நேரம் போன் கரண்டை நல்லா இழுக்கும், பழைய பற்றரி அதைத் தாங்காம வோல்டேஜ் விழுந்து பாதியில அணைஞ்சுபோகும், திரும்ப ஓன் ஆகும், திரும்ப அணையும், பாக்கிற ஆளுக்கு அது அப்டேட் பிழை மாதிரியே இருக்கும், உண்மையில மாத்தவேண்டியது பற்றரி.

பட்டனையும் பாருங்கோ. வயலுக்கும் செம்மண் றோட்டுக்கும் போய்வாற போனில பவர் பட்டனுக்குள்ள புழுதியும் வேர்வையும் சேர்ந்து இறுகி, ஆரும் அமத்தாமலே அமந்தபடி நிக்கும், போனுக்கு அது யாரோ பட்டனைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது மாதிரி. துடைச்சு நாலுதரம் அமத்தி விட்டுப் பாருங்கோ. சிம்மையும் மெமரி காட்டையும் கழட்டிவிடுங்கோ, பழுதான மெமரி காட்டாலயும் போன் இழுபடும், அதோட காட்டில இருக்கிற படம் காட்டோட பத்திரமா வெளியில வந்திடும், போனோட மட்டும் சேர்த்துப் பூட்டி வைக்காத காட்டெண்டா வேற போனில போட்டுப் பாக்கலாம்.

அதுக்குப் பிறகுதான் பலவந்தமா ஒரு ரீஸ்டார்ட். சாம்சங் எண்டா வொலியூம் குறைக்கிற பட்டனையும் பவரையும் சேர்த்துப் பத்து செக்கன் போல பிடியுங்கோ, மற்ற ஆண்ட்ராய்ட் போனுகள் பலதில பவரை மட்டும் பிடிச்சாக் காணும், சிலதுக்கு அரை நிமிசமும் எடுக்கும். இதால ஒரு படமும் அழியாது.

சில போனில கறுப்புத் திரையில இங்கிலீசில ஒரு எழுத்து வரும், ஆண்ட்ராய்ட் சிஸ்டத்தை லோட் பண்ண ஏலேல்ல, உங்கட டேட்டா பழுதாகியிருக்கலாம் எண்டது அதின்ர கருத்து. அதுக்குக் கீழ ரெண்டு வரி. முதலாவது ட்ரை அகெயின், திரும்பப் பார் எண்டது. ரெண்டாவது ஃபாக்டரி டேட்டா ரீசெட், எல்லாத்தையும் அழி எண்டது. இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாத அம்மா ஒராள் அதுக்கு முன்னால என்ன செய்வா, வொலியூம் பட்டனை அமத்தப் புள்ளி கீழ இறங்கும், பவரை அமத்த எல்லாம் முடிஞ்சுது. தயவுசெய்து கேட்டுக்கொள்ளுங்கோ, முதலாவது வரியை மட்டும் அமத்துங்கோ, ஒருக்கா சரிவராட்டி திரும்பவும் அதையே அமத்துங்கோ, ரெண்டாவது வரியைத் தொடாம போனைக் கடைக்குக் கொண்டு வாங்கோ.

கொஞ்சம் கைபழகின பிள்ளையளுக்கு ரிக்கவரி மெனு தெரியும், போன் ஓன் ஆகாத நேரம் திருத்திறதுக்கு உள்ள இருக்கிற மெனு அது. போனை அணைச்சுப்போட்டு வொலியூம் கூட்டுறதையும் பவரையும் சேர்த்துப் பிடிச்சா வாறது, புது சாம்சங்குகளில கேபிளால கொம்பியூட்டரில குத்தியிருந்தாத்தான் அது வரும், கன பேர் இது தெரியாம பட்டன் பழுது எண்டு நினைக்கினம். அதுக்குள்ள வைப் கேஷ் பார்ட்டிஷன் எண்டு இருந்தா அதைக் குடுக்கலாம், அது தற்காலிகக் குப்பையைத்தான் அழிக்கும், உங்கட படத்தில கை வைக்காது. சாம்சங்கில ரிப்பேர் ஆப்ஸ் எண்டும் ஒண்டு இருக்கும், அதுவும் பயமில்லாதது. வைப் டேட்டா எண்டு தொடங்கிறது மட்டும்தான் ஆபத்து, ரெண்டும் வைப் எண்டே தொடங்கிறபடியா அவசரத்தில மாறி அமத்துப்படும், பாத்துச் செய்யுங்கோ.

அப்டேட்டால போன் ஏன் விழுகுது எண்டும் கேப்பியள். பழைய முறையில போன் தன்ர சிஸ்டத்துக்கு மேலயே புதுசை எழுதும், எழுதிற நேரம் சார்ஜ் போனாலோ, இடம் காணாட்டியோ, எழுதினதில பிழை இருந்தாலோ திரும்பிப் போகப் பழசும் இல்லை. 2016 இல ஆண்ட்ராய்ட் 7 ஓட கூகுள் ஒரு முறை கொண்டுவந்தது, சிஸ்டத்துக்கு ரெண்டு இடம், நீங்கள் போனைப் பாவிக்கேக்கயே புதுசு மற்ற இடத்தில ஏறும், ஏறினது எழும்பாட்டி போன் தானாவே பழசுக்குத் திரும்பும். புதுக் கிணத்தில தண்ணி ஊறுமட்டும் பழைய கிணத்தைத் தூர்க்காம வச்சிருக்கிற மாதிரி. சாம்சங் உதுக்கு வந்தது 2024 இல கலக்ஸி ஏ55 ஓடதான், அதால எங்கட பக்கம் ஓடுற கன சாம்சங்குகளுக்குத் திரும்பிப்போகப் பழைய கிணறு இல்லை. பாவிக்கிற ஆளில பிழை இல்லாமலும் இது நடக்கும், 2024 ஒக்டோபரில சாம்சங்கின்ர ஒரு ஆப் அப்டேட்டால எஸ்10, நோட்10 போனுகள் லோகோவில சுத்தத் தொடங்கி, கன பேர் ரீசெட் பண்ணித்தான் எடுத்தவை. ஆகவே வீட்டில பிள்ளையளை நீதான் நோண்டிப் பழுதாக்கினனி எண்டு ஏசாதேங்கோ.

இப்ப கடைக்கு வருவம். சொப்ற்வெயார் அடிக்கோணும், அதாவது போனின்ர சிஸ்டத்தைக் கொம்பியூட்டரால திரும்ப ஏத்தோணும் எண்டு சொல்லுவினம், சரி, அதுதான் வழி, ஆனா எப்பிடி அடிக்கிறது எண்டதில எல்லாம் இருக்கு. இதை நான் என்னோட தொழில் செய்யிற தம்பிமாருக்கும் சேர்த்துச் சொல்லுறன். சாம்சங்குக்கு ஓடின் எண்ட கொம்பியூட்டர் புரோகிராமில அடிக்கேக்க பைலுகளோட சிஎஸ்சி எண்டு ஒண்டும் ஹோம் சிஎஸ்சி எண்டு ஒண்டும் வரும். சிஎஸ்சியைப் போட்டா உள்ள இருக்கிறது எல்லாம் துடைச்சுப்போகும். ஹோம் சிஎஸ்சியைப் போட்டா சிஸ்டம் புதுசா ஏறும், டேட்டா அப்பிடியே இருக்கும். முதல் ஹோமைப் போட்டுப் பாருங்கோ, எழும்பாட்டி மட்டும் ஆக்களிட்டக் கேட்டு மற்றதைப் போடுங்கோ. ஷாவ்மிக்கு எம்ஐ பிளாஷ் எண்ட புரோகிராமில கீழ கிளீன் ஓல், சேவ் யூசர் டேட்டா எண்டு இருக்கும், எது தெரிவாகி இருக்குது எண்டு பாக்காம ஸ்டார்ட்டை அமத்தக்கூடாது. மொடல் நம்பரையும் சரியாப் பாருங்கோ, இப்பத்தைப் போனுகள் சிலதில பழைய வெர்ஷனுக்கு இறக்கவும் விடாது, பலவந்தமா இறக்கப்போனா போன் முழுக்கச் செத்துப்போகும்.

போனைக் குடுக்கிற ஆக்கள் கடையில கேக்கவேண்டியது ஒரே கேள்வி, தம்பி, படம் அழியாம அடிக்க ஏலுமோ. ஏலாது எண்டா ஏன் எண்டு கேளுங்கோ, ஒரு நாள் யோசிச்சுப்போட்டு வாறன் எண்டு போனைத் திருப்பி வாங்குங்கோ, ரீசெட் எங்கயும் ஓடிப்போகாது. சிப்பைக் கழட்டி படத்தை எடுத்துத்தாறன் எண்டு கன காசு கேட்டா நம்பவேண்டாம், 2019 இல ஆண்ட்ராய்ட் 10 வந்த பிறகு அதோட வெளிவாற போனுகள் எல்லாம் உள்ள இருக்கிறதை என்கிரிப்ட் பண்ணி, அதாவது திறப்பு இல்லாம வாசிக்க ஏலாத மாதிரிப் பூட்டித்தான் வைக்கோணும், அதின்ர திறப்பு அந்தப் போனிலயும் உங்கட லொக் நம்பரிலயும் இருக்கு, சிப்பை மட்டும் கையில வச்சு ஒண்டும் வாசிக்க ஏலாது. ரீசெட் பண்ணின பிறகு அந்தத் திறப்பும் அழிஞ்சுபோகும், அதுக்குப் பிறகு ஆராலயும் எடுக்க ஏலாது.

ரீசெட் பண்ணமுதல் மகன்ர போனிலயோ பக்கத்து வீட்டுப் போனிலயோ உங்கட ஜிமெயிலைப் போட்டு கூகுள் போட்டோஸைத் திறந்து பாருங்கோ. உள்ள படம் நிறையக் கிடக்கும், சந்தோசமா இருக்கும், ஆனா நல்லாக் கீழ இறங்கிப் பாருங்கோ. அது தானா எடுத்து வைக்கிறது கமராவில எடுத்த படங்களைத்தான், வட்ஸ்அப்பால வந்த படங்களின்ர போல்டரை நாங்கள் தனியா ஓன் பண்ணிவிடாட்டி அது எடுக்காது. அண்ணை சுவிஸில இருந்து அனுப்பின பழைய குடும்பப் படம் எல்லாம் வட்ஸ்அப்பாலதானே வந்தது, பேரப்பிள்ளையின்ர நூறு படம் இருக்கும், அப்பான்ர ஒரே படம் இராது. வட்ஸ்அப்புக்குத் தனி பேக்கப் இருக்கு, அதே நம்பரும் அதே ஜிமெயிலும் இருந்தா இறக்கலாம், ஆனா முதல் அது பேக்கப் எடுத்திருக்கோணும். ஒண்டும் இல்லாட்டி அனுப்பின ஆளுக்கு ஒரு கோல் எடுங்கோ, அவரின்ர போனில இன்னும் இருக்கக்கூடும்.

ஐபோன் வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு. 8 இல இருந்து வந்ததுகளில கேபிளைக் கொம்பியூட்டரில குத்தி, வொலியூம் கூட்டுறதை ஒருக்கா அமத்தி விட்டு, குறைக்கிறதை ஒருக்கா அமத்தி விட்டு, பக்கத்துப் பட்டனை கேபிள் படம் வருமட்டும் விடாமப் பிடியுங்கோ. கொம்பியூட்டர் அப்டேட்டோ ரிஸ்டோரோ எண்டு கேக்கும், அப்டேட்டைக் குடுங்கோ, அது டேட்டாவை வச்சுக்கொண்டு சிஸ்டத்தை மட்டும் ஏத்தும். எங்கட லைனில அந்தப் பெரிய பைல் இறங்கப் பதினைஞ்சு நிமிசம் தாண்டினா போன் அந்த நிலையில இருந்து வெளியில வந்திடும், பழுதெண்டு நினைச்சு ரிஸ்டோரை அமத்தாதேங்கோ, பைல் முழுக்க இறங்கவிட்டு பட்டன் வேலையைத் திரும்பச் செய்தாக் காணும்.

வெளிநாட்டில இருந்து சொந்தக்காரர் பாவிச்சுப்போட்டு அனுப்பின போனுக்கு இன்னொரு சிக்கல். ரீசெட் பண்ணினாப் பிறகு அதில முதல் இருந்த கூகுள் கணக்கைக் கேக்கும், 2015 இல இருந்து ஆண்ட்ராய்டில இந்தப் பூட்டு இருக்கு, ஐபோனுக்கும் அதே மாதிரி. அந்தக் கணக்கு லண்டனில இருக்கிற மச்சான்ர மகன்ர பேரில இருக்கும், இல்லாட்டி போன் வாங்கின கடையில ஆரோ ஒரு ஜிமெயிலைத் திறந்து தந்திருப்பான், பாஸ்வேர்ட் ஆருக்கும் தெரியாது. படமும் போய் போனும் பூட்டுப்பட்டு நிக்கிற ஆக்களைப் பாக்கேக்க உண்மையில மனம் தாங்காது. உங்கட போனில இருக்கிற ஜிமெயிலும் பாஸ்வேர்டும் என்னெண்டு இண்டைக்கே பாத்து, அடையாள அட்டை வைக்கிற இடத்தில ஒரு கொப்பித்தாளில எழுதி வையுங்கோ.

உதுகளைக் கேட்டிட்டு இனி அப்டேட்டே வேண்டாம் எண்டு விட்டுடாதேங்கோ, பாங்க் ஆப் பாவிக்கிற போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் கட்டாயம் வேணும். குடுக்கமுதல் சார்ஜ் பாதிக்கு மேல இருக்கோணும், மெமரியில நாலைஞ்சு ஜிபியாவது இடம் இருக்கோணும். கூகுள் போட்டோஸைத் திறந்து மேல உங்கட படத்தை அமத்தி, செட்டிங்ஸில பேக்கப்புக்குள்ள போனா போனில இருக்கிற போல்டருகள் எண்டு ஒரு இடம் வரும், அதில வட்ஸ்அப் இமேஜஸை ஓன் பண்ணுங்கோ, சும்மா கிடைக்கிற இடம் 15 ஜிபிதான், அதால குட்மோர்னிங் வீடியோக்களை அழிச்சுப்போட்டு விடுங்கோ. வைபரில வந்ததுகளை கலரியில சேவ் பண்ணுங்கோ. டேட்டாவுக்குக் காசு காணாட்டி ஒரு பென் டிரைவும் அதைப் போனில குத்திற ஓடிஜி கேபிளும் வாங்கினாக் காணும், பைல்ஸ் ஆப்பைத் திறந்து வட்ஸ்அப் போல்டருக்குள்ள இருக்கிற படங்களையும், வொய்ஸ் நோட்ஸ் எண்ட போல்டரையும் அப்பிடியே கொப்பி பண்ணிப்போட்டு, பென் டிரைவை இன்னொரு போனில குத்தி படம் திறக்குதோ எண்டு பாத்திட்டு, பிறகு அப்டேட்டைக் குடுங்கோ. நன்றி, வணக்கம்.